வெள்ளிக்கிழமை விடியற்காலைக் குளியல்

மெக்னெஸ்
8 செப்டம்பர் 2002

அன்புள்ள சி துஹாமிக்கு,

ஸலாம். மலைக்காற்று உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? பத்தூலும் அவள் பிள்ளைகளும் சுகமா? நான் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் தங்கை வீட்டுத் தொலைபேசி கூடத்தின் நட்டநடுவில் இருக்கிறது. நான் என்ன கேட்டாலும் நீங்கள் "ம்", "ஆமாம்", "சரி" என்ற மூன்றையே மாற்றி மாற்றிச் சொல்கிறீர்கள். பின்னால் பத்தூலின் குரல், "அண்ணி என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறது. கடிதத்தின் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

நீங்கள் ஜூன் கடைசியில் சின்னப் பையோடு கிளம்பினீர்கள். அறுவை சிகிச்சை முடிந்த உடம்பு, அஸ்ருவில் இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு வருகிறேன் என்றீர்கள். இப்போது மொட்டைமாடியில் அத்திப்பழம் காய்ந்து முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஸஹூர் நேற்று மதில்மேல் எட்டிப் பார்த்து, "அத்தியைக் காயவெச்சு எடுத்துட்டே. வீட்டுக்காரரை மலையில காயவெச்சியே, அவரை எப்ப எடுக்கப்போறே?" என்று கேட்டாள். சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது.

கடிதம் எழுத உட்கார்ந்ததும் திஸ்னித் நினைவு வந்துவிட்டது. கல்யாணமான நாலாம் மாதமே என்னை அந்தத் தெற்குக் கோடிக்கு ஆசிரியையாக அனுப்பினார்களே, அந்த இரண்டு ஆண்டுகள். நீங்கள் நில அளவைக்காரர். கடிதமும் அளந்துதான் எழுதுவீர்கள். எந்த ஊரில் கூடாரம், எந்தச் சாலையில் சேறு, எத்தனை கழுதைகள். ஒரு வரிகூட என்னைப் பற்றி இருக்காது. ஆனால் வகுப்பில் பிள்ளைகளை இலையின் படம் வரையச் சொல்லிவிட்டு, மேசைக்கடியில் வைத்து அந்தக் கழுதைக் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஒருமுறை லாரியில் தொற்றிக்கொண்டு சொல்லாமல் வந்து நின்றீர்கள். தலையெல்லாம் மண். நான் மருதாணி அப்பிய ஈரத்தலையோடு கதவைத் திறந்தேன். உங்கள் சட்டை முழுக்கப் பச்சையாகிவிட்டது. அன்று பள்ளிக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் அனுப்பினேன். என் முப்பத்தோராண்டு வேலையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

என்று வருகிறீர்கள்? "சரி" என்று மட்டும் பதில் எழுதாதீர்கள்.

உங்கள்
தூரியா


அஸ்ரு
17 செப்டம்பர் 2002

லல்லா தூரியாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். ஆப்பிள் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள். காலையில் குளிர் அதிகம். இரண்டு கிலோமீட்டர் நடக்கிறேன்.

நீ சொன்ன மருதாணிச் சட்டை எனக்கும் நினைவிருக்கிறது. அதைத் துணி துவைக்கிறவளிடம் போட வெட்கப்பட்டுக் கடைசியில் தூக்கி எறிந்தோம்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஏப்ரலிலிருந்து எனக்குச் செய்ததெல்லாம் போதும். கென்ஸா உன்னை டாஞ்சியருக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நம் மகளோடு கடற்காற்றில் இரு. கீழ்த்தளத்தை யாராவது நல்ல குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாம். நான் இங்கேயே ஒரு அறையில் இருந்துகொள்வேன். என்னோடு உன்னையும் கட்டிப்போட்டு வைப்பது நியாயமில்லை. இதில் உன்மேல் எந்தக் குறையும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

துஹாமி


மெக்னெஸ்
29 செப்டம்பர் 2002

சி துஹாமி,

முதல் வரியில் விசாரிப்பு எழுத இன்று எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். இந்த மனிதர் முப்பத்தெட்டு ஆண்டுக் குடும்பத்தைக் கீழ்த்தளம் மேல்தளம் என்று அளந்து பிரிக்கிறாரே, எதற்கு? நோயா? மருந்தா? மன வருத்தமா? நான் உங்களுக்காகக் காரணங்கள் தேடிக்கொண்டிருந்தேன். நேற்று பத்தூல் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? நடுவுல எப்பவாச்சும் எங்களுக்குத் தெரியாம வந்துட்டுப் போனீங்களா?"

இல்லையே, ஏன் என்று கேட்டேன்.

"இல்ல, அண்ணன் வெள்ளிக்கிழமை தவறாம விடியறதுக்கு முன்னாடி வாளியும் துண்டுமா ஹம்மாமுக்குக் கிளம்பிடறார். புது மாப்பிள்ளை மாதிரி. எதிர்வீட்டுக்காரி என்கிட்டயே கேக்கறா, உங்க அண்ணன் பொண்டாட்டி இங்கதான் இருக்காளான்னு. நான் என்னத்தைச் சொல்ல?"

நான் பேச்சை மாற்றித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இந்த ஊரில் வளர்ந்தவர்கள் நாம். பகலில் ஹம்மாம் என்ற பொதுக் குளியலறைக்குப் போகிறவன் அழுக்குக்குப் போகிறான். கல்யாணமான ஆண்பிள்ளை வெள்ளிக்கிழமை விடியல் தொழுகைக்கு முன்னால் வாளியோடு போனால் எதற்கு என்று சந்தில் உள்ள பூனைக்கும் தெரியும். முந்தின இரவு மனைவியோடு இருந்தவன் குளிக்காமல் தொழ முடியாது. நமக்குக் கல்யாணமான புதிதில் உங்கள் அப்பா வீட்டில் இருந்தோமே. நீங்கள் சத்தமில்லாமல் படியிறங்கி ஹம்மாம் வாசலுக்குப் போனால், உள்ளேயிருந்து உங்கள் அப்பா வாளியோடு வெளியே வருகிறார். அவர் இடப்பக்கச் சுவரைப் பார்த்தார், நீங்கள் வலப்பக்கச் சுவரைப் பார்த்தீர்கள். திரும்பி வந்து அதை என் காதில் சொன்னீர்கள். மாமியாருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று இரண்டு பேரும் ஒரே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தோம். அந்தத் தலையணையின் பஞ்சு வாசனை எனக்கு இன்னும் தெரியும்.

அதனால் என்னிடம் சுற்றி வளைக்க வேண்டாம். யார் அவள்? விதவையா? பத்தூல் வீட்டுக்கு வந்து போகிறவளா? இரண்டாவதாகக் கட்டுவதானால் எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தெரிவித்துவிடுங்கள். நான் கூச்சல் போட மாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்குப் பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று நீங்கள் ஒதுங்கியபோது அதை நான் நோயின் கணக்கில் எழுதினேன். என்னோடு முடியாதது இன்னொருத்தியோடு முடிகிறது என்றால் குறை நோயில் இல்லை, என்னிடம் இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தூரியா


அஸ்ரு
4 அக்டோபர் 2002

லல்லா,

வேறு யாரும் இல்லை. எந்தப் பெண்ணும் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதைப் படிக்காமல் கிழித்துப்போட்டாலும் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கழுதைகளைப் பற்றி எழுதுவது சுலபம்.

ஜூன் மாதம் அந்த விடியலை நீ மறந்திருக்க மாட்டாய். சிகிச்சைக்குப் பிறகு நாம் முதல்முறை நெருங்கியது. நீதான் கையை நீட்டினாய். எனக்குள் எல்லாம் பழையபடி இருந்தது, அது ஒன்றைத் தவிர. அது எழவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை, மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அந்த நேரத்தில் சிறுநீர் என்னை மீறி வழிந்துவிட்டது. உன்மேலும் பட்டது. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்தாய். விரிப்பை ஒரே இழுப்பில் உருவினாய், சுருட்டினாய், ஊறப்போடக் கொண்டுபோனாய்.

என் அம்மா கடைசிக் காலத்தில் படுக்கையோடு கிடந்தபோது நீ அவருக்குச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அதே கைகள். அதே வேகம். நான் அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இனி இவளுக்கு நான் கணவன் இல்லை, பராமரிக்க வேண்டிய இன்னொரு கிழம் என்று தோன்றியது. நீ திரும்பி வருவதற்குள் உடுத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அந்த வாரமே இங்கே வந்தேன்.

இப்போது ஹம்மாம். ஆகஸ்டில் ஒரு வியாழன் இரவு உன்னைக் கனவில் பார்த்தேன். திஸ்னித் அறை, ஈரத்தலை. விழித்தபோது உடம்பு முழுக்க அந்தப் பழைய நடுக்கம். முப்பது வயதில் வந்த அதே நடுக்கம், குறைவில்லாமல். ஆனால் எதுவும் எழவில்லை, ஒரு துளியும் வெளியேறவில்லை. இருட்டில் கையால் தடவிப் பார்த்தேன். விரிப்பு காய்ந்து கிடந்தது. மழையே பெய்யாமல் ஆற்றில் வெள்ளம் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. நோய் போகிறபோது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறதா என்று பயந்தேன்.

அப்புறம் இன்னொரு சிக்கல். குளிப்பு கடமையா, இல்லையா? வெளியே வந்தால் குளிக்க வேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வரவில்லையே. ஆனால் இன்பம் வந்ததே. யாரைக் கேட்பது? இங்குள்ள இமாம் பத்தூல் கணவனுக்குச் சித்தப்பா மகன். காலையில் கேட்டால் மாலையில் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். எதற்கும் குளித்துவிடுவோம் என்று வாளியைத் தூக்கினேன். கூட்டம் இல்லாத நேரம், தழும்பை யாரும் பார்க்க மாட்டார்கள், கால்சட்டையின் ஈரத்தையும் பார்க்க மாட்டார்கள்.

அது கனவோடு நிற்கவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமைகளில் விழித்துக்கொண்டேதான். வியாழக்கிழமை நம்முடைய நாள் அல்லவா. உடம்பு அந்த நாளை மறக்கவில்லை. அறுபத்தாறு வயதில், தங்கை வீட்டுச் சின்ன அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு உன்னை நினைத்தேன். ஒருமுறைகூட வேறு முகம் வரவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நீ உன்னிடம் குறை என்று எழுதிவிட்டாய். அந்தப் பழியை உன்மேல் விட்டுவைக்க முடியாது.

நான் திரும்பி வந்தால் உனக்கு என்ன தர முடியும் என்று தெரியவில்லை. அதனால்தான் டாஞ்சியர் என்று எழுதினேன்.

துஹாமி


மெக்னெஸ்
15 அக்டோபர் 2002

என் துஹாமிக்கு,

உங்கள் கடிதத்தை அடுக்களையில் நின்றபடி படித்தேன். குளிப்புச் சிக்கல் வந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு ஸஹூர் மதில்மேல் வந்து, "யார் செத்தாங்க?" என்றாள். அழுகை என்று நினைத்திருக்கிறாள். அதுவும் தவறில்லை, நடுவில் அழுதேன்.

முதலில் அந்த விரிப்பு. எனக்கு இருப்பது இரண்டே கைகள். உங்கள் அம்மாவுக்கென்று இரண்டு, உங்களுக்கென்று இரண்டு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளவில்லை. கென்ஸாவைக் குளிப்பாட்டியது, கரும்பலகையில் எழுதியது, திஸ்னித்தில் உங்கள் தலையிலிருந்து மண்ணைத் தட்டியது எல்லாம் இதே கைகள்தான். அவசரப்பட்டேன், உண்மை. ஏன் அவசரப்பட்டேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஈர விரிப்பில் உங்களுக்குக் குளிரும். சீக்கிரம் மாற்றிவிட்டால் மறுபடி படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சலவை செய்த விரிப்போடு ஓடி வருகிறேன், கட்டிலில் ஆள் இல்லை. மாடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். அன்று உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை. வகுப்பில் கேள்வி கேட்காத பிள்ளைகளைத் திட்டியே வாழ்ந்தவள் நான்.

இப்போது ஒரு செய்தி. போன வாரம் நான் ரபாத்துக்கு ரயிலேறினேன். கம்பளி வாங்கப் போவதாகக் கென்ஸாவிடம் சொன்னேன். (அந்த ஒரே பொய்க்கு இப்போது துணை வந்துவிட்டது.) உங்கள் மருத்துவரைப் பார்த்தேன். அவர் என் பின்னால் கதவைப் பார்த்து, "சி துஹாமி வரலையா?" என்று கேட்டார்.

"அவர் வெட்கத்துல இருக்கார் டாக்டர். நான் ரிட்டயர்டு டீச்சர். எனக்கு வெட்கமெல்லாம் பிள்ளைங்க கேட்ட கேள்வியிலயே தீர்ந்துபோச்சு."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இத்தனை பேருக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கேன். மனைவி ஒருத்தர் வந்து இதைக் கேக்கறது இதுதான் முதல் தடவை. கேளுங்க" என்றார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன். வீட்டில் விளக்குக்கு ஒரு கம்பி போகிறது, வானொலிக்கு வேறு கம்பி. விளக்கு எரியவில்லை என்பதற்காக வீட்டில் மின்சாரமே இல்லை என்று யாராவது வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்களா? வானொலி பாடிக்கொண்டிருக்கிறதே. எழுச்சியைத் தரும் நரம்புகள், புற்று வந்ததென்று எடுத்தார்களே அந்தப் புராஸ்டேட் சுரப்பி, அதை ஒட்டியே ஓடுகின்றன. அதை எடுக்கும்போது ஒரு பக்கத்து நரம்பு போய்விட்டது, மறு பக்கம் அடிபட்டிருக்கிறது. அது தேற ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டுகூட ஆகலாம். முழுதாகத் தேறாமலும் போகலாம். ஆனால் தொட்டால் உணர்கிற நரம்பும் இன்பத்தைத் தருகிற நரம்பும் வேறு. அதை யாரும் வெட்டவில்லை. வெளியே வந்துகொண்டிருந்த நீரைச் சுரந்த இடத்தை எடுத்துவிட்டதால் அது இனி வராது, ஒருபோதும். மழையில்லாத வெள்ளம் என்று பயந்தீர்களே, அது நோயின் சிரிப்பு இல்லை. உங்கள் உடம்பு உங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

சிறுநீர் கசிவதும் பலருக்கு நடப்பதாம். முன்னதாகக் கழிப்பறைக்குப் போய்விட வேண்டும், அடிவயிற்றை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை விடக் கூடாது. அதற்கும் மேல் கசிந்தால் துண்டு இருக்கிறது. கென்ஸா பிறந்தபோது இந்த வீட்டில் காயாத துணி எத்தனை தொங்கியது!

மாத்திரை உண்டு, உங்களுக்கு இப்போது அதிகம் பயன்படாது என்கிறார். ஊசி உண்டு, அந்த இடத்திலேயே போட வேண்டும், மெல்லிய ஊசி. காற்றை உறிஞ்சும் குழாய் ஒன்றும் காட்டினார். சைக்கிள் கடையில் இருப்பதுபோல் இருந்தது, நான் மரியாதைக்காகச் சிரிக்கவில்லை. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விடலாம், ஆனால் ஒருவரையொருவர் தொடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார்.

இனி நான் சொல்வது. எனக்கு என்ன தர முடியும் என்று தெரியவில்லை என எழுதினீர்கள். எனக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? நீங்களே அளந்து, நீங்களே எல்லைக்கல் நட்டுவிட்டீர்கள். நான் ஏங்குவது எதற்கு என்று சொல்கிறேன். என் கழுத்துக்குப் பின்னால் உங்கள் மூச்சு. என் இடுப்பில் உங்கள் சொரசொரப்பான கை, நான் எங்கே நிறுத்தச் சொல்வேன் என்று தெரிந்தே அங்கே நிற்காத கை. அந்தக் கைக்கு அறுவை சிகிச்சை நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் எனக்கு இன்பம் பெரும்பாலும் அதனால்தான் வந்தது. இதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை, சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. அறுபத்திரண்டு வயதில் எழுதுகிறேன், கை கூசவில்லை.

உங்கள் குளிப்புக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, நான் அறிவியல் ஆசிரியை. குளித்துவிடுவதே நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் நம் வீட்டிலிருந்து கிளம்பிப் போய்க் குளியுங்கள். அடுத்த ஊர்க்காரர்களுக்கு ஏன் வீண் பேச்சு.

ரமலான் பிறப்பதற்குள் வந்துவிடுங்கள்.

தூரியா


மெக்னெஸ்
19 மார்ச் 2003

என் தூரியா,

ஸலாம். கென்ஸா எப்படி இருக்கிறாள்? பேத்திக்குத் தொப்புள்கொடி விழுந்துவிட்டதா? பெயர்சூட்டு விருந்துக்கு ஆட்டைத் தேர்ந்தெடுக்க நான் வரவில்லை என்று மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம், அன்றைக்கு மருத்துவர் நாள் குறித்துவிட்டார்.

வீடு நன்றாக இருக்கிறது. ஸஹூர் தினமும் ஒரு கிண்ணம் ஹரீரா கஞ்சி கொண்டுவந்து தருகிறாள், கூடவே அறிவுரையும். "பொண்டாட்டி ஊர்ல இல்லைன்னா உடனே முகம் வாடிடுது உங்களுக்கு. போன வருஷம் நாலு மாசம் மலையில எப்படித்தான் இருந்தீங்களோ" என்கிறாள். நானும் அதைத்தான் யோசிக்கிறேன்.

நீ போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. நாம் வயதானவர்கள், கொஞ்சநாள் பிரிந்திருந்தால் ஒன்றும் ஆகாது என்று ரயில் நிலையத்தில் பெரிய மனிதன்போல் பேசினேன். இரவில் உன் பக்கத்துத் தலையணையை நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் நாம் இருந்த விதத்தை நினைத்துக்கொள்கிறேன். அந்தக் குழாயை முதல்நாள் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து செய்முறைத்தாளைப் படித்தோமே. நீ வகுப்பில் படிப்பதுபோல் சத்தமாக வாசித்தாய். நான் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு அதைப் பயன்படுத்தவே முடியவில்லை, ஆனால் வேறெதற்கும் குறைவில்லை. ஊசி சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை. செய்யாத நாள்களில், முன்பென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருப்பேன். இப்போது, "எங்கே, சொல்லு" என்று உன்னைக் கேட்கப் பழகிவிட்டேன். நீ சொல்கிறாய். முப்பத்தெட்டு ஆண்டு இதைக் கேட்காமல் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று தெரியவில்லை. அளவை வேலையில்கூட நிலத்துக்காரரைக் கேட்காமல் கயிறு போட்டதில்லை.

நேற்று ரபாத் போய் வந்தேன். இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது. நோய் திரும்பியதற்கு அறிகுறி எதுவும் இல்லை, இறைவனுக்கே நன்றி. மருத்துவரின் அறைக்கு வெளியே கெனித்ராவிலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போன ஆண்டு அதே தரையைப் பார்த்தவன்தான். கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம், வானிலை, ஆலிவ் விலை என்று. அவர் முறை வந்து எழுந்தபோது, "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே மருத்துவர் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் பேனாவை எடுத்தார். "வீட்டு விஷயம் எப்படி இருக்கு சி துஹாமி? திருப்தியா இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குப் பட்டதைச் சொன்னேன்.

"அவ டாஞ்சியர்ல இருக்கா டாக்டர். என்னைத் தனியாக் கேட்டா உங்களுக்குப் பாதி பதில்தான் கிடைக்கும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். மே மாதம் இருவரும் சேர்ந்து வரும்படி நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். குழந்தைக்கு நாற்பது நாள் ஆனதும் கிளம்பிவிடு. ரயிலடிக்கு நான் வருகிறேன்.

உன்
துஹாமி